ஆலன் பேஜ்: களத்திலிருந்து நீதிமன்றத்துக்கு – உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்கக் கால்பந்து வீரராகப் புகழ்பெற்று, பிறகு அந்நாட்டின் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் 1993 முதல் 2015 வரை நீதிபதியாக இருந்த ஆலன் பேஜைப் பற்றிச் சில நாட்களுக்கு முன் நான்கு வரி எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வழக்கறிஞனாக நான் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து படித்துவரும் மனிதர் அவர். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஐயா, ஒரு மாநிலத்துக்குத் தனியாக உச்ச நீதிமன்றமா? நம் உயர் நீதிமன்றம் போன்றதுதானே? (சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

அப்படியே பொருத்திவிட முடியாதம்மா. நம் உயர் நீதிமன்றம் எதைத் தீர்ப்பளித்தாலும் டெல்லிக்கு மேல்முறையீடு செய்ய வழியுண்டு. அங்கே மாநிலச் சட்டத்துக்கும் மாநில அரசியலமைப்புக்கும் என்ன பொருள் என்பதில் மாநில உச்ச நீதிமன்றத்தின் சொல்தான் கடைசிச் சொல். மினசோட்டாவில் ஏழு நீதிபதிகள். ஆறாண்டுகளுக்கு ஒருமுறை கட்சிச் சார்பில்லாத தேர்தலில் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். 70 வயதில் கட்டாய ஓய்வு.

விளையாட்டு வீரர் எப்படி நீதிபதியானார்? புகழை வைத்தா? (ஈரோடு)

இந்தச் சந்தேகம் பலருக்கும் வந்திருக்கிறது. புகழ் இருந்தது உண்மை. பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காக ஆடினார். 1971இல் அந்த ஆட்டத்தின் தேசிய லீகான என்எஃப்எல்லின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். தற்காப்பு வரிசையில் ஆடும் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

ஆனால் படிப்பை அவர் ஆட்டத்துக்குப் பிறகு என்று தள்ளிவைக்கவில்லை. முதலில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து மூன்றே வாரத்தில் விட்டுவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மறுபடி சேர்ந்து, அணியில் ஆடிக்கொண்டே படித்து, 1978இல் பட்டம் வாங்கினார். முதல் முறை விட்டு ஓடியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 1981இல் ஆட்டத்தை விட்டார். ஒரு சட்ட நிறுவனத்திலும், பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் வேலை பார்த்தார். தேர்தலில் நிற்கும்போது அவர் சட்டப் பட்டம் பெற்று 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தேர்தலில் நிற்கவே வழக்குப் போட்டாராமே? (மதுரை)

ஆமாம். 1992இல் ஒரு நீதிபதியின் பதவிக்காலம் முடிய இருந்தது. அவர் முழு ஓய்வூதியத் தகுதி பெறும்வரை ஆளுநர் ஆர்னி கார்ல்சன் அந்தக் காலத்தை நீட்டித்தார். காலம் நீண்டால் தேர்தல் இல்லை. தேர்தல் இல்லாவிட்டால் பேஜ் யாரை எதிர்த்து நிற்பது? வழக்குத் தொடுத்தார். ஒரு சிறப்பு அமர்வு விசாரித்து, தேர்தல் நடக்க வேண்டும் என்றது. அவர் வென்றார். அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1998, 2004, 2010 தேர்தல்களிலும் மக்கள் அவரையே திரும்ப அனுப்பினார்கள்.

அவருடைய அறக்கட்டளை பற்றி விரிவாகச் சொல்லுங்கள். நாங்களும் எங்கள் ஊரில் சிறிய அளவில் உதவித்தொகை கொடுக்கிறோம். (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, உங்கள் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

அணியில் இருந்தபோது ஒரு நாள் பயிற்சியாளர் ஆட்ட உத்திகள் எழுதிய புத்தகத்தைக் கொடுத்து, வீரர்களை ஒவ்வொருவராக வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். சிலரால் வாசிக்க முடியவில்லை. எல்லோரும் கல்லூரி வரை போய் வந்தவர்கள்! பந்தைப் பிடிக்கத் தெரிந்ததால் வகுப்புக்கு வகுப்பு ஏற்றிவிடப்பட்டவர்கள். அந்தக் காட்சி அவரை விடவேயில்லை.

1988இல் அவருடைய பெயர் கால்பந்துப் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டது. அந்தக் கூடம் அவர் பிறந்த ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில் இருக்கிறது. அதைக் கட்டியபோது இளைஞராக அவரும் அங்கே கட்டட வேலை பார்த்திருக்கிறார். விழாவில் வீரரை அறிமுகம் செய்ய வழக்கமாகப் பயிற்சியாளரையோ சக வீரரையோ அழைப்பார்கள். இவர் மினியாபொலிஸ் நகரின் ஒரு பள்ளித் தலைமையாசிரியையை அழைத்தார். பேசியதும் கல்வியைப் பற்றித்தான். அதே ஆண்டு மனைவி டயானுடன் சேர்ந்து பேஜ் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார்.

வெள்ளையரல்லாத மினசோட்டா மாணவர்கள் மேற்படிப்புப் படிக்கப் பணம் தருகிறார்கள். ஒரே நிபந்தனை: வாங்குகிற மாணவர் ஆண்டுக்கு குறைந்தது 50 மணி நேரம் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்குப் பாடத்தில் துணை நிற்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கு உட்பட்ட பிள்ளைகள் அவர்கள். இதுவரை ஆயிரக்கணக்கானோர் இப்படிப் படித்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த 50 மணி நேரம்தான். காசோலை வாங்கும் பிள்ளை கைநீட்டி நின்றவராகப் போவதில்லை. வேறொரு பிள்ளைக்கு அவர் அண்ணன், அக்கா ஆகிவிடுகிறார். கீழே உட்கார்ந்திருக்கும் சிறுவனும் தன் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன ஒருவரைக் கண்ணால் பார்க்கிறான். உங்கள் திட்டத்திலும் இதைச் சேர்த்துப் பாருங்கள் ஐயா. தொகை சிறியது என்று தயங்க வேண்டாம்.

முக்கியமான தீர்ப்புகள்? (சென்னை)

இரண்டை மட்டும் சொல்கிறேன். பதவியேற்ற 1993ஆம் ஆண்டிலேயே பள்ளிகளுக்கான நிதிப் பங்கீடு பற்றிய வழக்கு வந்தது. கல்வி அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது; ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் நிதி மாறுபடுவதைச் செல்லும் என்றது. பேஜ் உடன்படாமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அடுத்தது 2008 செனட் தேர்தல் வழக்கு. நார்ம் கோல்மனுக்கும் அல் ஃப்ராங்கனுக்கும் இடையே கடைசியில் நின்ற வித்தியாசம் 312 ஓட்டுகள். மறு எண்ணிக்கைக் குழுவில் இருந்ததால் தலைமை நீதிபதியும் இன்னொரு நீதிபதியும் விலகிக்கொள்ள, மூத்தவரான பேஜ் தலைமை வகித்தார். நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கில் ஐந்து பேரும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு? (மலேசியாவிலிருந்து ஒரு வாசகர்)

ஓய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரமான அரசுப் பள்ளிக் கல்வி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் என 2020இல், அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் மினியாபொலிஸ் வங்கித் தலைவர் நீல் காஷ்காரியோடு சேர்ந்து ஒரு திருத்தத்தை முன்வைத்தார். 1993இல் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை நினைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். 2018இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளி அவர் பெயரை ஏற்றது. டகோட்டா பூர்வகுடிகளை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று 1862இல் முழங்கிய ஆளுநரின் பெயர் அதுவரை அந்தப் பள்ளிக்கு இருந்தது. மாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தவர்கள் அங்கே படித்த மாணவர்களே.

படத்தில் அவருடைய சுண்டு விரல் ஏன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது? என் மகள் கேட்கிறாள். (கோவை)

களத்தில் அடிபட்டு மூட்டு விலகியதால் அப்படி நின்றுவிட்டது. பள்ளிகளுக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பதும் அதைத்தான் என்று சொல்லுங்கள். ஆசிரியையான தன் மகளுடன் சேர்ந்து அந்த விரலைப் பற்றியே ஒரு குழந்தைகள் புத்தகம் எழுதியிருக்கிறார்.