எடை ரொம்ப மெதுவாகத்தான் குறைகிறது, மனசு விடாமல் எப்படித் தொடர்வது?

எட்டு மாதமாக நடக்கிறேன், சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன், 80 கிலோவில் இருந்து 76க்குத்தான் வந்திருக்கிறேன், பட்ட பாட்டுக்குப் பலன் இல்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். உங்கள் வேகமும் என் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 44. போன வருஷம் தவக்காலத்தில் தொடங்கும்போது 81 கிலோ, இப்போது 71.8. நடுவில் பத்தொன்பது மாதம் ஓடிவிட்டது. மாதத்துக்கு அரை கிலோ கூட முழுசாக வரவில்லை.

முதலில் உங்கள் நாலு கிலோவைப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி. நாலு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 31,000. அதை 240 நாளுக்குப் பங்கு வைத்தால் ஒரு நாளைக்கு 130 கலோரிக்குப் பக்கத்தில் வரும். அது 100 கிராம் சோறு, ஒரு சின்ன அகப்பை. தினமும் ஒரு அகப்பைச் சோற்றின் அளவுக்கு உடம்பு உள்ளே இருந்து எடுத்துச் செலவழித்திருக்கிறது, அதை 240 நாள் நீங்கள் நடத்திக் காட்டியிருக்கிறீர்கள். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதே ஒரு அகப்பை தினமும் கூடுதலாகப் போயிருந்தால் இன்றைக்கு ஏறக்குறைய 84ல் நிற்பீர்கள். 76ஐ 80ஓடு மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், 84ஓடும் வைத்துப் பாருங்கள். உடம்பு சும்மா ஒரே இடத்தில் நிற்பதில்லை, எனக்கு அது நன்றாகத் தெரியும். கடை அளவு நோட்டில் கிறிஸ்துமஸுக்குத் துணி தைக்கும்போது என் அளவையும் எழுதுவது வழக்கம். கல்யாணமான புதிதில் இடுப்பு 30, சின்னவன் பிறந்த பிறகு 33, அப்புறம் 36, 38, கடைசியாக 40. ஒவ்வொரு வருஷமும் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச். ஏறியது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, என் கண்ணுக்கே தெரியவில்லை, நோட்டுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த வண்டியை நிறுத்தி இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் நாலு கிலோவின் அர்த்தம்.

சரி, எடை மெஷினுக்கு வருகிறேன். உங்களுக்கு வாரத்துக்கு 115 கிராம் குறைகிறது. ஆனால் உடம்பில் நிற்கும் தண்ணீர், உப்பு, வயிற்றில் கிடக்கும் சாப்பாடு, பெண்களென்றால் மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கோர்க்கும் நீர், இதெல்லாம் சேர்ந்து ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் ஒரு கிலோ வரை, சில சமயம் அதற்கு மேலும் ஏற்ற இறக்கம் காட்டும். ஒரு கிலோ ஆட்டத்துக்குள்ளே 115 கிராமைத் தேடினால் எப்படி அகப்படும்? நான் தொடங்கிய மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி சம்பா அரிசிக் கஞ்சி, பயறு, சுட்ட கருவாடு, தேங்காய்த் துவையல். கஞ்சி ஒரு கிண்ணம்தான் குடித்தேன். காலையில் மெஷினில் ஏறினால் முந்தின நாளைவிட 900 கிராம் கூடுதல். குளிமுறி வாசலில் நின்று அழுதுவிட்டேன், அன்றைக்கு நடக்கவும் போகவில்லை. கணக்கு பிறகுதான் உறைத்தது: 900 கிராம் கொழுப்பு சேர வேண்டுமென்றால் என் தேவைக்கு மேல் கிட்டத்தட்ட 7,000 கலோரி அந்த ஒரே ராத்திரியில் உள்ளே போயிருக்க வேண்டும். அது கருவாட்டு உப்பு பிடித்து வைத்த தண்ணீர். மூன்றாம் நாள் தானாக இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை மட்டும்தான் மெஷினில் ஏறுகிறேன், வெறும் வயிற்றில். மாதத்தில் நாலு எண் கிடைக்கும், கூட்டி நாலால் வகுத்து, அந்த ஒரு எண்ணைப் போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுவேன். முதல் வாரத்திலேயே ரெண்டு கிலோ போச்சு என்று சொல்பவர்களைப் பார்த்தும் ஏங்க வேண்டாம். உடம்பு மாவுச்சத்தைச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் சேர்த்துத்தான் வைக்கும், சோற்றை அடியோடு நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும், சோறு திரும்பினால் இரண்டும் திரும்பி வரும்.

எனக்குக் கைகொடுத்தது டேப்பும் ஒரு பழைய ஜாக்கெட்டும். ஜாக்கெட் தைக்கும்போது பக்கத்தில் ஒரே தையல் போடுவதில்லை, கால் இஞ்ச் இடைவெளி விட்டு மூன்று வரிசை போடுவோம், அதற்கு வெளியே கொஞ்சம் துணியும் விடுவோம். உடம்பு வைத்தால் உள் வரிசையைப் பிரித்துவிட்டால் போதும், ரெண்டு பக்கமும் சேர்த்து சுற்றளவில் ஒரு இஞ்ச் தளரும். என் தம்பி கல்யாணத்துக்குத் தைத்த மயில்நீல ஜாக்கெட்டில் இப்படி முதல் வரிசையைப் பிரித்தேன், ரெண்டு வருஷம் கழித்து இரண்டாவதையும் பிரித்தேன், கடைசியில் மூன்றாவதையும் பிரித்து ஓரத்தில் ஒற்றைத் தையலில் நிறுத்தினேன். பிரித்த இடத்தை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் துணி சாயம் போகாமல் புதுசு போல இருக்கும், வெளியே வெளுத்திருக்கும், நடுவில் ஊசி ஏறிய ஓட்டைகள் மூன்று வரிசையாகத் தெரியும். நடக்கத் தொடங்கி ஐந்தாவது மாதம் எடை மூன்று கிலோ கூடக் குறையவில்லை, ஆனால் அந்த ஜாக்கெட் தோளில் நிற்காமல் இறங்கியது. மூன்றாவது வரிசையின் பழைய ஓட்டைகள் மேலேயே மெஷினை ஓட்டினேன். பத்தாவது மாதம் இரண்டாவது வரிசை. அந்தத் தையலைப் போடும்போது எனக்கு வந்த சந்தோஷம் எடை மெஷின் ஒரு நாளும் தந்ததில்லை.

இதே விஷயத்தில் கடைக்கு வருகிறவர்களிடம் நான் பார்க்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "அக்கா, ஒரு இஞ்ச் கம்மியா தச்சிருங்க, நான் எப்படியும் மெலிஞ்சிருவேன்" என்பார்கள். முன்பு தைத்துக் கொடுப்பேன், இப்போது கொடுப்பதில்லை. அந்த ஜாக்கெட் ஏறவில்லை என்றால் அது பீரோவில் கிடந்து தினமும் குத்திக்காட்டும், ஆறு மாதத்தில் ஆசையே போய்விடும். இன்றைய உடம்புக்குச் சரியாகத் தையுங்கள், நல்லதாக உடுத்துங்கள், உள்ளே பிடிக்கத் துணி இருக்கிறது. மெதுவாகக் குறைகிறவர்களுக்கு வழி நீளம், அவ்வளவு காலமும் பிடிக்காத துணியில் யாராலும் நடக்க முடியாது.

நடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு நடக்கிற ஆசை வாரத்தில் ரெண்டு நாள்தான் இருக்கும், மீதி நாட்களில் என்னைக் கிளப்புவது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர். அவருக்கு முட்டு வலி, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்று "பிள்ளே, எழும்பியாச்சா?" என்று ஒரு சத்தம் கொடுப்பார், அவரை நிற்க வைத்துவிட்டு எப்படிப் படுத்திருப்பது. பாசனச் சானல் கரையில் முக்கால் மணி நேரம். கோடையில் வறண்டு கிடக்கும் சானலில், ஜூனில் பேச்சிப்பாறை அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்தக் கரையில் நடப்பதே தனி சுகம், கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு வயலில் ஆட்கள் இறங்கியிருப்பார்கள், பேசிக்கொண்டே போகலாம். ஆனால் நம் மாவட்டத்துக்கு ரெண்டு மழைக்காலம், ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று, அந்த நாட்களில் கரை சேறாகிவிடும். முதல் வருஷம் மழையோடு நடையும் நின்று, திரும்பப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. இப்போது மழை நாளில் வீட்டு மாடிப்படியில் பதினைந்து நிமிஷம் ஏறி இறங்குகிறேன். நடை அளவுக்கு வராது, ஆனால் ஐந்தரைக்கு எழும்பும் பழக்கம் அறுந்துபோகாது.

சாப்பாட்டில் நான் எதையும் அடியோடு விடவில்லை. விட்டால் எனக்கு நிலைக்காது என்று முந்தைய மூன்று முயற்சியில் பார்த்துவிட்டேன். மீன் குழம்பு இல்லாமல் என்னால் ஒரு வாரம் இருக்க முடியாது, அதனால் குழம்பு அப்படியே, தேங்காயில் மட்டும் கை வைத்தேன்: முன்பு ஒரு முறி, அதாவது ஒரு மூடி அரைப்பேன், இப்போது அரை முறி, கூடவே ரெண்டு சின்ன உள்ளியும் கொஞ்சம் மல்லியும் சேர்த்து அரைத்தால் குழம்பு நீர்க்காது. 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி, குறைக்க வேண்டிய இடம் மீன் இல்லை. சாளையும் நெத்திலியும் எவ்வளவு மலிவு, எவ்வளவு புரதம், ஆனால் பொரிக்காமல் குழம்பிலோ அவித்தோ சாப்பிட வேண்டும். மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு சாப்பிடுகிற அன்று அதோடு சோறு கிடையாது, முன்பு ரெண்டும் உண்டு. கடைக்கு மூன்று வேளை டீ வரும், ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சீனி, ஒரு ஸ்பூனுக்கு 20 கலோரி என்றால் அங்கேயே 120. வித்தவுட்டுக்கு மாறினேன். முதல் பத்து நாள் வாயில் வைக்க முடியவில்லை, இப்போது சீனி போட்ட டீதான் பிடிக்கவில்லை.

டிசம்பரில் எனக்குக் குறையாது, ஏறும். கிறிஸ்துமஸ் தையல் நெருக்கடியில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மெஷினில் இருப்பேன், நடையும் இல்லை, அப்புறம் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வீட்டுக்கு வீடு வரும். போன டிசம்பரில் 1.3 கிலோ ஏறியது, நோட்டில் அப்படியே எழுதினேன், பிப்ரவரி தொடங்கும்போது இறங்கிவிட்டது. ஒரு மாதம் ஏறினால் எல்லாம் போச்சு என்று நினைக்கிற நினைப்புதான் பலரை நிறுத்துகிறது, அந்த 1.3 கிலோ அல்ல.

அதைவிடக் கஷ்டம் வேறு ஒன்று. இந்த வருஷம் மார்ச்சில் இருந்து மே வரை எண் அசையவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு: உடம்பு இளைத்தால் அதற்குத் தேவைப்படும் கலோரியும் குறையும், அதே தூரம் நடந்தாலும் செலவாவது குறையும், நம் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாராளமாகும். ஒரு வாரம் எண்ணெயை ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து பார்த்தேன், தொடங்கிய காலத்தைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. அதைச் சரிசெய்தேன், ஜூனில் மறுபடி நகர்ந்தது. அந்த மூன்று மாதமும் இடுப்பில் அரை இஞ்ச் குறைந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் வாயும் இருக்கிறது. என் அம்மாவே "ஏ மக்களே, கழுத்தெலும்பு தெரியுது, சீக்குக்காரி மாதிரி ஆயிட்டியே" என்று தட்டில் இன்னொரு அகப்பை போடுவார். சண்டை போடாமல் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினேன். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.2ல் இருந்து 5.8க்கு வந்திருந்தது, அப்பா சர்க்கரையில் கால் விரலை இழந்தவர், அம்மாவுக்கு அந்த எண் புரிந்தது. இன்னொரு பக்கம் எங்கள் மைனி. ஏதோ ஒரு பவுடரைக் கலக்கிக் குடித்து மூன்று மாதத்தில் 9 கிலோ இறக்கினார், அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு ஏக்கம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பவுடரை நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் எல்லாம் திரும்ப ஏறிவிட்டது, இப்போது என்னோடு சானல் கரைக்கு வருகிறார். வேகமாக இறங்கினால் தசையும் கரையும், பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடும்.

நீங்கள் இழந்திருப்பது 80ல் 5 சதவீதம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு எல்லாம் நல்லபடியாக மாறத் தொடங்குவது அந்த இடத்தில்தான். அமெரிக்காவில் சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களிடம் நடத்தி 2002ல் வெளியான பெரிய ஆய்வில் 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிஷ நடையும்தான் இலக்கு, சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006ல் வெளியிட்ட இந்திய ஆய்வு எனக்கு அதைவிடத் தைரியம் தந்தது. அதில் நடையும் சாப்பாட்டு மாற்றமும் கடைப்பிடித்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, அப்படியும் மூன்று வருஷத்தில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மெஷினுக்குத் தெரியாமல் உள்ளே வேலை நடக்கும் என்பதற்கு வேறு என்ன வேண்டும்.

ஒன்று மட்டும் செய்துவிடுங்கள், தைராய்டு பார்க்கவில்லை என்றால் பாருங்கள், அது குறைவாக இருந்தாலும், சில மாத்திரைகள் சாப்பிட்டாலும் எடை இறங்கச் சண்டித்தனம் செய்யும். மருத்துவரிடம் கேட்டால் சொல்வார்.

எட்டு மாதத்தில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், இடுப்பு எத்தனை இஞ்ச் குறைந்தது என்று எழுதவில்லை. அளக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நாளைக் காலை சாப்பிடும் முன், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, டேப்பை இறுக்காமல் சுற்றி அளந்து தேதியோடு எழுதுங்கள். நம் ஆட்களுக்குப் பெண்கள் 80 சென்டிமீட்டர், ஆண்கள் 90 சென்டிமீட்டர் வரை நல்லது என்பார்கள், நானே இன்னும் 91ல்தான் இருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் போட்ட துணி ஏதாவது கிடந்தால் அதையும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.