வீட்டுக் கொல்லையில் ஒரு கொல்லுலை: காயலாங்கடையில் தொடங்குங்கள்

கேள்வி: கோவைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கணினி வேலை. வார இறுதியில் இரும்பு அடித்துப் பழக ஆசை. வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் இருக்கிறது. வீடியோக்களில் காட்டும் காஸ் உலையும், இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையும் வாங்கலாம் என்று பார்த்தால் விலை கட்டுப்படியாகவில்லை. பத்தாயிரம் ரூபாய்க்குள் தொடங்க முடியுமா? கத்தி செய்வதுதான் என் நோக்கம்.

பதில்: முடியும். ஆனால் இரண்டை இப்போதைக்குத் தள்ளி வைக்கச் சொல்வேன். ஒன்று காஸ் உலை, இன்னொன்று கத்தி.

காஸ் ஏன் வேண்டாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சிலிண்டரின் ரெகுலேட்டர் சமையல் அடுப்புக்கு ஏற்ற குறைந்த அழுத்தத்தில்தான் வாயுவை விடும். உலை பர்னருக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வீட்டு உபயோகச் சிலிண்டரைப் பட்டறைக்குத் திருப்புவது சட்டப்படியும் தவறு. தவிர, அந்த உலைகளுக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் செராமிக் பஞ்சின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மேலே பூச்சு பூசாமல் எரிக்கக் கூடாது. முதல் வருடத்தில் இத்தனை தலைவலி எதற்கு? கரி உலை ஒரு மதியத்தில் தயாராகிவிடும். நம் ஊர்க் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக இரும்பு காய்ச்சியதும் கரியில்தான்.

உலை என்பது கடைசியில் பார்த்தால் ஒரு பள்ளம், கொஞ்சம் கரி, பக்கத்திலிருந்து வரும் காற்று. அவ்வளவுதான். இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும்படி ஹாலோபிளாக் கல்லை அடுக்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் இரண்டடிக்கு ஒன்றரை அடி அளவில், ஒரு சாண் ஆழமுள்ள தகரப் பெட்டியோ பலகைப் பெட்டியோ வையுங்கள். ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு மணல். கொழுக்கட்டை மாவைப்போலக் கையில் பிடித்தால் நிற்க வேண்டும், விட்டால் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் பெட்டியை நிரப்பி இடித்து இறுக்குங்கள். நடுவில் 30 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 18 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய் ஒன்றைப் பக்கவாட்டில், அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில், நுனி பள்ளத்தின் சுவரோடு முடியும்படி செருகுங்கள். வெளியே இரண்டடியாவது நீண்டிருக்கட்டும். உள் நுனி கொஞ்சம் கொஞ்சமாகத் தீய்ந்து குறையும். அப்போது உள்ளே தள்ளிக்கொள்ளலாம்.

குழாய் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசியது, தண்ணீர் வேலையில் மிஞ்சி வீட்டில் கிடக்கும். அதை எடுக்காதீர்கள். துத்தநாகம் 900 டிகிரி சொச்சத்தில் ஆவியாகும். உலை அதைத் தாண்டிப் போகும். வெள்ளையாக எழும் அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கிப் போடும். பூச்சில்லாத கருப்புக் குழாய் கேளுங்கள். அதேபோல, ஈரம் ஏறிய காங்கிரீட் துண்டையோ ஆற்றுக் கூழாங்கல்லையோ நெருப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே மாட்டிய தண்ணீர் ஆவியானதும் பட்டாசுபோல வெடிக்கும். என் முதல் உலையில் அப்படித் தெறித்த ஒரு சில்லு கண்ணாடியில் பட்டது. கண்ணாடி போட்டிருந்தேன், பிழைத்தேன்.

களிமண் ஒரு வாரம் நிழலில் காயட்டும். விரிசல் விட்டால் அதே மண்ணைக் குழைத்து அப்புங்கள். முதல் இரண்டு முறை சிறு தீ மட்டும்.

காற்றுக்கு ஹோட்டல் அடுப்புகளில் பார்க்கும் சின்ன மின் புளோயர் போதும். வெப்பத்தை அணைக்கும் வசதியுள்ள பழைய ஹேர் டிரையர் கிடைத்தாலும் சரி. காற்றைக் கட்டுப்படுத்துவதுதான் முக்கியம். புதிதாக வருகிற எல்லோரும் முழு வேகத்தில் ஊதுவார்கள். கரி தீபாவளி மத்தாப்பாகப் பறக்கும், அரை மணியில் கூடை காலியாகும், இரும்பின் மேல் கருப்பாகச் செதில் கட்டும். குழாய்க்கும் புளோயருக்கும் நடுவில் ஒரு தகரத் துண்டைத் தள்ளி இழுக்கிற மாதிரி வையுங்கள். சும்மா இருக்கும்போது மூடி, இரும்பு உள்ளே போனதும் திறந்து என்று பழகினால் கரி பாதிதான் ஆகும். கரண்ட் போனால் முதல் காரியமாகப் புளோயரைக் கழற்றி நகர்த்துங்கள். சூடு குழாய் வழியே திரும்பி வந்து பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

இன்னொன்று. இரும்பைக் குழாய் வாய்க்கு நேராகக் குத்தி நிறுத்தாதீர்கள். அங்கே காற்று மிகுதி. இரும்பு காய்வதற்குப் பதில் கருகும். காற்று கரிக்குள் ஒரு கை அளவு ஏறுவதற்குள் அதிலுள்ள ஆக்சிஜன் செலவாகிவிடும். அந்த இடத்தில் இரும்பைப் படுக்க வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் கரியை மூடினால் சுத்தமாகக் காயும். பள்ளம் ஆழமாக வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

கரியில் முதல் தேர்வு சீமைக்கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வருவது. நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து ஒதுக்கிவிடுங்கள். சிரட்டைக் கரி நல்ல சூடு தரும், ஆனால் சீக்கிரம் தீரும். பார்பிக்யூ கட்டிகள் வேண்டாம், சாம்பல்தான் மிச்சம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு வருகிறேன் என்று ஒரு நண்பர் ஒருமுறை கிளம்பினார். ஈரமும் புகையுமாக இருக்கும் அதில் கொல்லு வேலை நடக்காது. பற்றவைக்க நாலு சிரட்டை போதும், மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். கரித்தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மேலே கூரை இருக்கலாம், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். கூரை நிழல் இன்னொரு விதத்திலும் உதவும்: வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது மாதிரிதான்.

இனி பட்டடை. அடைகல் என்றும் சொல்வார்கள். உங்கள் பணத்தையும் யோசனையையும் உலையில் அல்ல, இங்கே போடுங்கள்.

வீடியோவில் பார்க்கும் கொம்பு வைத்த பட்டடை கட்டாயமில்லை. நம் கிராமத்துப் பட்டறைகளில் மரக்கட்டையில் புதைத்த ஒரு சதுர எஃகுத் துண்டின் மேல்தான் ஏர்க்கொழுவிலிருந்து அரிவாள் வரை அடித்தார்கள். காயலாங்கடைக்குப் போய் கனமான எஃகுத் துண்டு கேளுங்கள். எடைக்குத்தான் விலை என்பதால் கணக்குத் தெரிந்து போவது நல்லது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம். பத்துக்குப் பத்து அகலத்தில் முப்பது செ.மீ. நீளத் துண்டு என்றால் இருபத்து மூன்றரை கிலோ. அது கிடைத்தால் தாராளம். லாரி ஆக்சில் துண்டு கிடைத்தால் அதைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்ளலாம். அடி விழும் இடத்துக்கு நேர் கீழே எத்தனை இரும்பு இருக்கிறது என்பதுதான் கணக்கு.

போகும்போது ஒரு பேரிங் குண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாண் உயரத்திலிருந்து துண்டின் மேல் விடுங்கள். நல்ல எஃகு என்றால் 'டிங்' என்று பாதிக்கு மேல் துள்ளி வரும். பச்சை இரும்பில், அதாவது கரிமம் குறைந்த மெத்தென்ற இரும்பில், அவ்வளவு துள்ளாது, ஆனாலும் வேலைக்கு ஆகும். வார்ப்பிரும்பு என்றால் 'பொத்' என்று உட்காரும், அதை விட்டுவிடுங்கள். நானே ஆரம்பத்தில் பளபளவென்று பெயின்ட் அடித்த ஒரு புதுப் பட்டடையை ஏமாந்து வாங்கினேன். வார்ப்பிரும்பு. மூன்றாம் மாதம் ஓரம் பெயர்ந்தது.

வெளிநாட்டு வீடியோக்களில் தண்டவாளத் துண்டைப் பட்டடையாக வைத்திருப்பார்கள். இங்கே அதைக் கடையில் கண்டாலும் தொடாதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு என்றே 1966-இல் ஒரு சட்டம் இருக்கிறது. உங்களிடம் எப்படி வந்தது என்று கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஏலத்தில் எடுத்த பில்லோடு யாராவது தந்தால் ஒழிய வேண்டாம்.

அடியில் வைக்கக் கட்டை வேண்டுமா, கறிக்கடையைப் பாருங்கள். அங்கே கொத்துக்கட்டை புளியமரம்தான்; எத்தனை வெட்டு விழுந்தாலும் பிளக்காது. அதே மரத்தில் ஒரு துண்டை மரவாடியில் அறுத்துக் கேளுங்கள். உயரத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடியுங்கள். விரல் முட்டிகள் பட்டடையின் முகத்தைத் தொட வேண்டும். உயரம் அதிகமானால் தோள் போகும், குறைந்தால் இடுப்பு. நம் கொல்லர்கள் உட்கார்ந்து அடிப்பார்களே என்று கேட்கலாம். அவர்களுக்கு எதிரே சம்மட்டி போட ஓர் ஆள் நின்றிருப்பார். தனியாக அடிக்கிற உங்களுக்கு நிற்பதுதான் சரி.

சுத்தியல் ஒன்று போதும், 800 கிராம் முதல் ஒரு கிலோ வரை. பெரியதை எடுத்தால் பத்து நிமிடத்தில் குறி தவறும். புதுச் சுத்தியலின் முக விளிம்பு கூராக இருக்கும். அப்படியே அடித்தால் ஒவ்வோர் அடிக்கும் பிறை மாதிரித் தழும்பு விழும். அரம் போட்டு உருட்டிவிடுங்கள். குறடு இப்போது வாங்க வேண்டாம். முக்கால் மீட்டர் நீளக் கம்பியை எடுத்தால் மறுமுனையைக் கையிலேயே பிடிக்கலாம். இரண்டு மாதம் கழித்துக் குறடை நீங்களே அடித்துக்கொள்வீர்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், கம்பித் தூரிகை, உளி. பட்டியல் முடிந்தது.

உடுப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், மூடிய தோல் செருப்பு, கண்ணாடி. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். புதியவர்கள் சுட்டுக்கொள்வது சிவந்த இரும்பில் அல்ல, கறுத்த இரும்பில். 400 டிகிரியிலும் பகலில் அது சாதாரணக் கம்பி மாதிரிதான் தெரியும். எதைத் தொடும் முன்னும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள்.

பழக என்ன இரும்பு? கிரில் பட்டறையில் வெட்டி ஒதுக்கிய பத்து மி.மீ. சதுரக் கம்பி. டிஎம்டி கம்பியும் அடிக்கலாம், ஆனால் கரிமம் குறைவு, கத்திக்கு ஆகாது.

முதல் வேலையாகச் சுவரில் மாட்டும் ஒரு கொக்கி செய்யுங்கள். நுனி நாலு விரல் நீளத்துக்கு ஆரஞ்சுப் பழ நிறத்துக்கு வரட்டும். எலுமிச்சை மஞ்சளைத் தாண்டி வெள்ளைப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம். அந்தத் துண்டு போயிற்று. எடுத்ததும் நுனியைப் பட்டடையின் தூர விளிம்பில் சற்றுச் சாய்த்து வைத்து இரண்டு அடி, கால் சுற்றுத் திருப்பி இரண்டு அடி. கூர் எடுக்கும்போது எப்போதும் சதுரமாகவே எடுங்கள். முடிந்தபின் நாலு மூலையையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில் உருட்டுங்கள். நேரடியாக உருண்டையாக அடித்தால் நடுவில் நார்போலப் பிளந்துகொள்ளும். செங்கல் நிறத்துக்கு மங்கியதும் நிறுத்தித் திரும்ப உலையில் வையுங்கள். ஆறிய இரும்பை அடிப்பதில்தான் தோள்பட்டை போகிறது.

இருபது கொக்கி ஆன பிறகு கத்திக்கு வரலாம். அதற்கு லாரி ஸ்பிரிங் பட்டை எடுங்கள். தோய்ச்சல் போடும்போது, அதாவது காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கும்போது, காந்தத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே காய்ச்சி, கை பொறுக்காத சூட்டில் இருக்கும் சமையல் எண்ணெயில் நேராக இறக்குங்கள். தண்ணீரில் தோய்த்தால் ஸ்பிரிங் எஃகு விரிசல் விடலாம். மூடியுள்ள இரும்புப் பாத்திரமாக இருக்கட்டும், எண்ணெய் தீப்பிடித்தால் மூட வேண்டும். பிறகு கேக் சுடும் ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், இரண்டு முறை. இல்லாவிட்டால் கண்ணாடிபோல உடையும். சமையல், தோட்ட வேலைக்கான கத்தியோடு நில்லுங்கள். அந்த உபயோகம் இல்லாமல் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ அலகு வைத்தால் ஆயுதச் சட்டத்தின் வரம்புக்குள் போய்விடும்.

அப்புறம், பணம் எதுவும் செலவழிக்கும் முன் பக்கத்துக் கிராமத்தில் உலை எரிகிற ஒரு பட்டறையைத் தேடிப் போய், "ஐயா, காலையிலிருந்து காற்று போட்டுத் தர்றேன், பார்த்துக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அறுவடைக்கு முந்தின வாரங்களில் மட்டும் போகாதீர்கள். இயந்திரம் வந்த பிறகும் கருக்கரிவாளுக்குக் கருக்கு, அதாவது பல், வெட்ட ஆள் வந்துகொண்டேதான் இருக்கும், உங்களிடம் பேச அவருக்கு நேரம் இருக்காது.