வேன்காரர் விற்கும் மாங்கன்றை வாங்கலாமா?

கேள்வி: கீழ்நாட்டில், சுங்கை சிப்புட்டில் இருந்தவரை மாம்பழம், ரம்புத்தான், பப்பாளி எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லை. இப்போது மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தா பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். நான்கு பிள்ளைகள். வீட்டுக்குப் பின்னால் இருபதுக்கு முப்பது அடி நிலம் உண்டு. வேனில் வருகிற ஒருவர், ‘மலை ஒட்டு மா’ கன்று 45 வெள்ளி (ரிங்கிட்), இரண்டே வருஷத்தில் காய்க்கும் என்கிறார். பத்து வாங்கலாமா?

பதில்: ஒன்றுகூட வேண்டாம் அம்மா.

தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். மாமரம் இங்கே சாகாது. தழைக்கும், பூக்கவும் செய்யும். ஏமாறுவது அங்கேதான். இரவுக் குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் வலுவிழந்து பிஞ்சு பிடிக்காது. மிச்சப் பூவை மூடுபனியும் மழையும் கருக்கிவிடும். ஒட்டுக் கட்டினால் சீக்கிரம் காய்க்கும், அவ்வளவுதான். குளிரைத் தாங்கும் சக்தி அதனால் வந்துவிடாது.

அது ஒட்டுக்கன்றுதானா என்பதே சந்தேகம். இப்படி வாங்கிய கன்று ஒன்றில் பிளாஸ்டிக் நாடாவை நான் அவிழ்த்துப் பார்த்தேன். ஒட்டு என்றால் அடித்தண்டும் மேல்தண்டும் சேர்ந்த இடத்தில் சாய்ந்த வெட்டுத் தழும்பு இருக்கும், பட்டையின் நிறமும் மாறும். அதில் தண்டு வழுவழுவென்று ஒரே பச்சையாக இருந்தது. கொட்டையில் முளைத்த கன்றுக்கு நாடா சுற்றி விற்றிருக்கிறார்கள். நாடாவை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் கதவைச் சாத்துங்கள். கூலிக்கு உழைப்பவர் பணம் இப்படிப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ரம்புத்தானை மறந்துவிடுங்கள். பப்பாளியும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்: குளிரில் பூ கோணிப் பழம் சப்பையாகும். ஆனால் ஒரே ஓர் இடம் இருக்கிறது. மதியத்திலிருந்து மாலைவரை வெயில் வாங்குகிற சிமெண்டுச் சுவர் இருந்தால், அதிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு பப்பாளி மரம் வைக்கலாம். பகலில் சுவர் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடும். சுவர் சரிவின் நடுவில் இருக்க வேண்டும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்குவதால் ஓடைக்கரை வீட்டுக்கு இந்த வித்தை பலிக்காது. கூரைத் தண்ணீர் வேரில் சொட்டக் கூடாது. பழுக்கக் கீழ்நாட்டைவிட அதிக மாதம் ஆகும், இனிப்பும் குறையும். அதனால் ஒன்று போதும்.

பிள்ளைகளுக்குப் பழம் தரப்போவது ஊதா மார்க்கிசாவும் (பேஷன் ஃபுரூட் கொடி) மரத்தக்காளியும்தான். இரண்டும் குளிரை விரும்புபவை. மஞ்சள் மார்க்கிசா கீழ்நாட்டுக்கானது, அதை விடுங்கள். சந்தையில் பழம் வாங்கி, விதையைக் கழுவி ஊன்றினால் போதும், கன்றுக்குக் காசே வேண்டாம். மார்க்கிசா ஓராண்டை ஒட்டிக் காய்க்கும், மரத்தக்காளிக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு. மரத்தக்காளியின் வேர் மேலாக ஓடும். காற்றில் சாயாமல் கம்பு நட்டுக் கட்டுங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள். இரண்டு கொய்யாவும் வையுங்கள்.

வாழைத்தார் முற்ற இங்கே நாளாகும், ஆனாலும் கிடைக்கும். பழனி மலை விருப்பாச்சி வாழை இந்த உயரத்திலும் விளைவதுதான். அதற்காக ஊரிலிருந்து கன்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அனுமதிச் சீட்டில்லாமல் கொண்டுவருவது குற்றம், வாழை நோயும் கூடவே வரும்.

அவகாடோ இந்தக் குளிருக்கு ஏற்றதே. ஆனால் காய்க்க வருஷங்கள் ஆகும், வீடோ தோட்டத்துடையது. வேலை மாறினால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டால் வாய்வார்த்தையோடு அனுப்பிவிடுகிறார்கள். விவசாய அலுவலகத்துக்கு நாலு கன்றுக்கு யோசனை கேட்டுப் போனால், “எத்தனை ஏக்கர்?” என்கிறார்கள். குடும்பத்துக்குப் பழம் வளர்ப்பவரை எந்தப் படிவத்திலும் காணோம். எழுத்து கைக்கு வரும்வரை அவகாடோ வேண்டாம். துணி காயப்போடும் கம்பத்தில் கம்பி கட்டி, மார்க்கிசாவை முதலில் ஏற்றிவிடுங்கள்.