கார்பன் டை ஆக்சைடு கூடியதற்கு எரிமலைகள்தானே காரணம்?

இல்லை. எரிமலைகளும் கக்குகின்றன, சரி. ஆனால் நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரித்து நாம் விடுவதில் அது ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-இல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி இந்த வாயுவை அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. (அந்த மலையே ஒரு எரிமலை என்பது வேடிக்கைதான். அங்கிருந்து வரும் வாயுவைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு.)

அதைவிட வலுவான சாட்சி கார்பனிலேயே இருக்கிறது. கார்பன் அணுவில் கார்பன்-12 என்ற இலேசான வகையும் கார்பன்-13 என்ற சற்றே கனமான வகையும் உண்டு. செடிகள் கார்பன்-13-ஐவிட இலேசான கார்பன்-12-ஐயே அதிகம் உறிஞ்சும். நிலக்கரியும் பெட்ரோலியமும் பழங்காலச் செடிகள், நுண்ணுயிர்களின் மிச்சம் என்பதால் அவற்றிலும் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அந்தக் குறைவு அவ்வளவாகக் கிடையாது. காற்றிலோ கார்பன்-13-இன் விகிதம் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வருகிறது. அப்படியானால் காற்றில் சேர்வது எரிமலை வாயு அல்ல, நாம் எரிக்கும் எரிபொருளின் கார்பன்தான். தரையிலிருந்து மேலெழும் வெப்பத்தைக் கார்பன் டை ஆக்சைடு தடுத்து வைப்பதால்தான் பூமி சூடாகிறது.