வேலைக்காக ஊர் மாறுகிறீர்களா? சென்னை வீட்டை விற்கும் முன்

கேள்வி (வேளச்சேரி): சார், 2025 நவம்பரில் கம்பெனி என்னை டொரண்டோவுக்கு அனுப்புகிறது. 2012 கடைசியில் 40 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டை இப்போது 90 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். உடனே விற்பதா, அடுத்த வருடம் லீவில் வரும்போது விற்பதா?

பதில்: 2026 மார்ச் 31-க்குள் பத்திரம் முடித்துவிடுங்கள். வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்திருந்தால் அந்த ஆண்டுக்கு வரிக் கணக்கில் உள்ளூர்க்காரர்தான். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரையே உங்களுக்கு 214 நாள் ஆகிவிடுகிறது.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், உள்ளூர்க்காரருக்கு இரண்டு கணக்கில் எது குறைவோ அந்த வரிதான். நேர் கணக்கில் லாபம் 50 லட்சம், 12.5 சதவீதம் என்றால் 6.25 லட்சம். பணவீக்கக் குறியீடு 2012-13-க்கு 200, 2025-26-க்கு 376. வாங்கிய விலையை 376-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் உங்கள் 40 லட்சம் 75.2 லட்சமாகிறது. மிச்ச லாபம் 14.8 லட்சம், அதில் 20 சதவீதம், 2.96 லட்சம். வரியின் மேல் போடும் செஸ் தனி. என்ஆர்ஐ (வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர்) ஆனபின் விற்றால் இந்த இரண்டாவது கணக்கு கிடையாது.

வாங்குபவர் விலையிலிருந்து முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரியான டிடிஎஸ்ஸும் மாறும். இப்போது விற்றால் வாங்குபவர் 1 சதவீதம், அதாவது 90,000 பிடிப்பார். என்ஆர்ஐ என்றால், வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே குறைப்புச் சான்றிதழ் வாங்காவிட்டால், பொதுவாக மொத்த விலைக்கே 12.5 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுவார்கள். ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

கேள்வி (அம்பத்தூர்): பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது. இங்கே விற்று அங்கே வீடு வாங்கினால் வரி உண்டா?

பதில்: லாபம் முழுவதையும் புது வீட்டில் போட்டால் இல்லை. விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்று இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கலாம். கட்டுவதென்றால் மூன்று வருடம். ரிட்டர்ன் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிடுங்கள். சேமிப்புக் கணக்கில் விட்டுவைத்தால் சலுகை போய்விடும்.

கேள்வி (அடையாறு): அமெரிக்காவில் வேலை மாற்றத்துக்கென்றே சலுகை உண்டாமே?

பதில்: உண்டு. அங்கே ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் குடியிருந்த வீடென்றால், தனி நபருக்கு 2,50,000 டாலர் லாபம் வரை வரியில்லை. வேலைக்காக முன்பே விற்றால், இருந்த மாதங்களுக்கு ஏற்ற பங்கு கிடைக்கும். நம் சட்டத்தில் ஏன் ஊர் மாறினீர்கள் என்ற கேள்வியே இல்லை.

கேள்வி (மேடவாக்கம்): என் கிரயப் பத்திரத்தில் 11 லட்சம்தான் இருக்கிறது. நான் கொடுத்தது 38 லட்சம். அப்படியானால் லாபம் எக்கச்சக்கமாகக் காட்டுமே?

பதில்: பயப்படாதீர்கள். அந்த 11 லட்சம் யுடிஎஸ் நிலத்துக்கு, அதாவது அடுக்குமாடி மனையில் உங்கள் பிரிக்கப்படாத பங்குக்கு மட்டும். மீதி பில்டரோடு போட்ட கட்டுமான ஒப்பந்தத்தில் இருக்கும்; அதுவும் வாங்கிய விலையில் சேரும். முத்திரைத்தாள் செலவு, பதிவுக் கட்டணம், இப்போது தரும் புரோக்கர் கமிஷன் எல்லாம் கழியும். இது தெரியாமல் பத்திரத்தை மட்டும் ஆடிட்டரிடம் நீட்டி, கட்ட வேண்டாத வரியைக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். ஒப்பந்தம், பில்டர் தந்த ரசீதுகள், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் இன்றே தேடி எடுங்கள். பழைய ரசீதில் மை மங்கியிருந்தால் இப்போதே ஸ்கேன் செய்துவிடுங்கள்.