ஒரே சமன்பாடு என்றால் ஒரே கோட்பாடா?

கேள்வி: பெருவெடிப்புக்கு முன்னாலும் அண்டம் இருந்தது, சுருங்கி வந்து திரும்ப விரிந்தது என்கிறது, வெளியே துண்டு துண்டானது என்று கொள்ளும் லூப் குவாண்டம் அண்டவியல். குவாண்டமே இல்லாமல், ஐன்ஸ்டீனின் ஈர்ப்பு விதியைத் திருத்தினாலும் அதே விடை வருகிறதாமே? அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: விடை வருகிறது. ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.

முதலில் அந்த விடையைப் பாருங்கள். ஐன்ஸ்டீனின் விதி தரும் ஃப்ரீட்மன் சமன்பாட்டில், அண்டம் விரியும் வீதத்தின் வர்க்கம் அடர்த்திக்கு நேர்விகிதம். லூப் கணக்கு அதில் ஒரே ஒரு பெருக்கலைச் சேர்க்கிறது. அடர்த்தியை, அண்டம் எட்டக்கூடிய உச்ச அடர்த்தியால் வகுத்து, 1-லிருந்து கழித்து, வருவதால் பெருக்க வேண்டும். இன்றைய அண்டத்தில் கழிபடுவது இருந்தும் இல்லாததுபோல. பழைய சமன்பாடே மிஞ்சும். அடர்த்தி உச்சத்தைத் தொட்டாலோ பெருக்கல் பூஜ்யமாகிவிடும், சுருக்கம் நின்று அண்டம் திரும்பும். அந்த உச்சம், ஈர்ப்பிலும் குவாண்டம் விளைவு தலைதூக்கும் பிளாங்க் அடர்த்தியில் சுமார் 0.41 பங்கு. அதாவது ஒரு கனமீட்டரில், 2-க்குப் பின்னால் 96 பூஜ்யம் போட்ட அளவு கிலோ! தண்ணீருக்கு அது 1000 கிலோதான்.

2006-ல் அஷ்டேகர், பாவ்லோவ்ஸ்கி, பரம்ப்ரீத் சிங் மூவரும் அண்டத்தைக் குறிக்கும் குவாண்டம் அலையையே கணினியில் ஓட்டி இந்தத் திரும்பலைக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2004-ல், நம் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் கன்ஷ்யாம் தாதேயும் கோலாம் ஹொசைனும் லூப் கணக்கைச் சாதாரணச் சமன்பாடாக இறக்கும் வேலையைச் செய்திருக்கிறார்கள். பக்கத்து அடையாறில் குடியிருக்கும் எனக்கு அதில் தனிப் பெருமை.

சரி, திருத்திய ஈர்ப்புக்கு வருவோம். 2009-ல் ஓல்மோவும் சிங்கும், வெளியின் வளைவைக் கொண்டு எழுதிய ஒரு விதியிலிருந்து அதே சமன்பாட்டை எடுத்தார்கள். அவர்கள் போனது பலாட்டினி வழி: தூரத்தை அளக்கும் அளவையும், வளைவைத் தரும் இணைப்பையும் தனித்தனியாக வைத்துக் கணக்கிடுவது. வழக்கமான வழியில் போனால் நான்காம் வரிசை வகைக்கெழுக்கள், அதாவது நான்கு முறை வகையிட்டவை, வந்துவிடும். லூப் சமன்பாடோ இரண்டோடு நிற்பது. அப்புறம் 2017-ல் சாம்செதீன், முகானோவ் இருவரும் கூடுதலாக ஒரு புலத்தைச் சேர்த்து எழுதும் மிமெட்டிக் ஈர்ப்பு என்ற வேறொரு விதியிலிருந்தும் அதையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு வெவ்வேறு விதிகள் ஒரே சமன்பாட்டில் வந்து சேரும்போது, அந்தச் சமன்பாடு எந்த விதிக்கும் சாட்சி ஆகாது. கிண்டி பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் தாம்பரம் வண்டியும் செங்கல்பட்டு வண்டியும் ஒரே தடத்தில்தான் வரும். எது எங்கே கிளம்பியது என்று தடம் சொல்லாது. இங்கே நாம் எடுத்துக்கொண்டதும் எல்லாத் திசையிலும் ஒரே சீராக விரியும் அண்டம். அதில் மாறும் அளவு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைப் பொருத்திவிடுவது பெரிய காரியமில்லை.

திசைக்கொரு வேகத்தில் விரியும் அண்டத்தையும், பின்னாளில் விண்மீன் மண்டலங்களாக வளர்ந்த சின்னச் சின்ன அடர்த்தி ஏற்ற இறக்கங்களையும் கணக்கில் விடும்போதுதான் கோட்பாடுகள் பிரிய இடம் கிடைக்கிறது. அந்தக் கணக்குகளைப் போடுவதற்குத் திருத்திய விதி கையில் இருப்பது பெரிய உதவி. அதற்காகவே அவற்றை நான் மதிக்கிறேன்.