சின்ன டிரான்ஸ்மிட்டர்தானே என்று கேட்பவர்களுக்கு: கேள்வி பதில்

நான் உரிமம் வைத்திருக்கும் ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலிக் கருவி இயக்கும் ஆள், வக்கீல் இல்லை. உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் இயக்கியதற்கு நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டவர்கள் வக்கீலைப் பாருங்கள். மற்றவர்கள் கேளுங்கள்.

கே: கோயில் திருவிழாவுக்காக ஆன்லைனில் 50 மில்லிவாட் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கினோம். தெருவுக்குள்தான் கேட்கும். தப்பா?

தப்புதான். பிரிட்டனில் உரிமம் இல்லாமல் விடும் எஃப்எம் அளவு 50 நானோவாட், உங்களுடையது அதைப்போல பத்து லட்சம் மடங்கு. இங்கே இந்தியாவில் அனுமதியில்லாமல் ஒலிபரப்பு அமைத்தால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு பாயலாம்: மூன்று வருடம் வரை சிறை, 2 கோடி வரை அபராதம், அல்லது இரண்டும். அவ்வளவு போடுவார்களா என்பது வேறு விஷயம். பீகாரில் வைசாலி மாவட்டம் மன்சூர்பூரில் ஓர் இளைஞர் ஐம்பது ரூபாய்ச் செலவில் செய்த கருவியை வைத்து ஊருக்கே வானொலி நடத்தினார், ஊரே கொண்டாடியது, 2006இல் உரிமம் இல்லை என்று மூடவைத்தார்கள். கடையில் விற்கிறார்கள் என்பதற்காக இயக்கலாம் என்று அர்த்தமில்லை.

கே: தோப்பில் ஈரப்பதம் பார்க்க லோரா (குறைந்த பவரில் தூரத்துக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ) சென்சார் போடுகிறேன். லைசென்ஸ் தேவையில்லாத பேண்ட்தானே?

நல்ல கேள்வி. 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பேண்டுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் அந்த விலக்கு நிபந்தனையோடுதான் வருகிறது. நீங்கள் யாருக்கும் இடையூறு செய்யக்கூடாது, உங்களுக்கு இடையூறு வந்தால் முறையிட முடியாது. புகார் வந்தால் கருவியை இடம் மாற்ற வேண்டும், பவரைக் குறைக்க வேண்டும், ஆன்டெனாவை மாற்ற வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று, மாட்யூலில் 915 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். அது அமெரிக்காவுக்கானது, 902இலிருந்து 915 மெகாஹெர்ட்ஸுக்குள் அனுப்பும். இங்கே 890 முதல் 915 வரை செல்போன்கள் டவரோடு பேசும் இடம். டவரின் காதுக்குள்ளேயே கத்துகிறீர்கள், செல்போன் கம்பெனிக்காரர் தேடி வருவார். விலை குறைவு என்று பலர் அதைத்தான் வாங்குகிறார்கள்.

கே: வீட்டில் செல்போன் சிக்னல் இல்லை, அதைப் பெருக்கும் பூஸ்டர் வைக்கலாமா?

கூடாது. உங்கள் செல்போன் கம்பெனியிடம் புகார் கொடுங்கள்.

கே: எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் விமானத்துக்கு இடையூறு என்கிறார்கள். என்னுடைய 50 மில்லிவாட் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போகும் விமானத்தை என்ன செய்துவிடும்? நானும் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன், சும்மா பயமுறுத்தாதீர்கள்.

சரி, கணக்கே போடுவோம். தடையில்லாத வெளியில் 50 மில்லிவாட், பத்து கிலோமீட்டரில் மீட்டருக்குச் சுமார் 120 மைக்ரோவோல்ட். இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையைக் காட்டும் லோக்கலைசர் சிக்னல், அது எட்டும் பரப்பின் எல்லையில் குறைந்தபட்சம் 40 மைக்ரோவோல்ட் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. உங்களுடையது அதைப்போல மூன்று மடங்கு. அது இருக்குமிடம் 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம் பேண்டுக்கு அடுத்த வீடு. உங்கள் அலைவரிசை கொஞ்சம் நகர்ந்தால் அதன் மேலேயே போய் விழும்.

கே (அவரே): முழுதாக 108க்கு நகர்ந்தால்தானே? நான் 107.5இல் வைத்திருக்கிறேன்.

அலைவரிசையை நிலையாகப் பிடித்துவைக்கும் கிரிஸ்டல் இல்லாத, ஒரே டிரான்சிஸ்டரும் கையால் சுற்றிய காயிலும் கொண்ட போர்டு அது. கையைக் கிட்டே கொண்டுபோனாலே அலைவரிசை நழுவும், அலைவரிசையைச் சரிசெய்யும் டிரிம்மரைத் திருப்பிவிட்டு விரலை எடுத்தால் மறுபடி நழுவும். வெயிலில் பந்தல் மேல் கட்டி வைத்தால் சாயங்காலம் எங்கே நிற்கும் என்று நீங்களே, எந்த அலைவரிசையில் சிக்னல் இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பாருங்கள். காலி இடம் என்று பேண்டின் மேல் ஓரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களே, அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். படித்தவர்தானே, மாற்றுங்கள் என்றுகூட சொல்ல மாட்டேன், அணையுங்கள்.

கே: டல்லாஸில் இருக்கிறேன். கிறிஸ்துமஸ் விளக்குக்கு எஃப்எம்மில் பாட்டு?

அமெரிக்காவில் 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட் வரை லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டித் திருட்டு வானொலியாகிவிட்டால், அபராதம்: 2020இல் வந்த சட்டம் வைத்த உச்சவரம்பு நாளுக்கு ஒரு லட்சம் டாலர், மொத்தம் 20 லட்சம் டாலர்.

கே: ஊருக்குச் சட்டப்படி வானொலி வேண்டுமென்றால்?

தனிநபருக்குக் கிடையாது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனமோ கல்வி நிறுவனமோ சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2004இலேயே தொடங்கிவிட்டது.

கே: சார், சின்ன பூஸ்டர், ஒரே ரூமுக்கு மட்டும்?

மேலே படியுங்கள்.